பதினான்கு மாத்திரைகள்: அவசர சிகிச்சைச் சொற்களை அறிவோம்



சில மாதங்களுக்கு முன்பு, ஒரு விடியற்காலையில், விசைத்தறி ஓட்டும் தொழிலாளர் ஒருவர் நெஞ்சுவலியுடன் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். வயது ஐம்பதைக் கடந்தவர். இரவுப் பணியின்போது நடுநெஞ்சில் தொடங்கிய அழுத்தம் இடத்தோளுக்குப் பரவியிருந்தது. சட்டை வியர்வையில் முழுதும் நனைந்திருந்தது. வரும் வழியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி. எடுத்து, மாத்திரைகள் கொடுத்து, ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். மீண்டும் இ.சி.ஜி. எடுப்பதற்காக நாங்கள் சட்டையைக் கழற்றியபோது, அதன் பையிலிருந்து 9 மாத்திரைகள் கட்டிலின்மீது சிதறின.

உடன் வந்த மகன் தயங்கியபடி சொன்னார்: "ஏனுங்க டாக்டர், ஒரே வேளைக்குப் பதினாலு மாத்திரை குடுத்தாங்க. அத்தனையும் ஒட்டுக்கா முழுங்குனா வேற என்னமாச்சும் ஆயிருமோன்னு பயந்து, அஞ்சை மட்டும் குடுத்துப்போட்டு மீதிய ராத்திரிக்கு வெச்சுட்டனுங்க."

அந்த மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தந்தையின் மீதுள்ள அக்கறையால்தான் அவர் அப்படிச் செய்தார். அந்த மாத்திரைகள் எதற்கு என்பதை ஒருவேளை யாரும் விளக்கியிருக்கமாட்டார்கள். விளக்கியிருந்தாலும் பதற்றத்தில் அது அவர் செவியில் ஏறியிருக்காது. ஆனால் அதன் விளைவு எளியதன்று. உள்ளே சென்றவை எவை, செல்லாதவை எவை என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அட்டையிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரைகளைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய இயலாது. ஒரு செவிலியர் சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, எஞ்சியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, விடுபட்ட அளவைக் கணக்கிட்ட பின்னரே அடுத்த அடியை வைக்க முடிந்தது. இதயத் தசைக்கு இரத்தம் செல்லாத நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் விலை உயர்ந்தது.

மருந்துகளைப் பற்றியும் அவசர சிகிச்சைப் பிரிவில் காதில் விழும் சொற்களைப் பற்றியும் குடும்பத்தினர் அறிந்துகொள்ள வேண்டும் என்று அன்று எண்ணினேன். மருத்துவ மாணவர்கள் முதல் ஆண்டுகளில் படிக்கும் அடிப்படைகள்தாம் இவை. அவற்றை எளிய முறையில் இங்கே தருகிறேன்.

முதல் அளவு எனும் லோடிங் டோஸ்

தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு 'இதயம் காப்போம்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. மாரடைப்பு என்று ஐயுறத்தக்க நெஞ்சுவலியுடன் வருவோருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதற்கட்ட மருந்துகளைக் கொடுத்துவிடுவதே இதன் நோக்கம். அம்மருந்துகள் மூன்று: ஆஸ்பிரின் 300 மில்லிகிராம், குளோபிடோக்ரெல் 300 மில்லிகிராம், அட்டார்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம். சிறிய அளவு மாத்திரைகளாக எண்ணும்போது இவை 14 ஆகின்றன. அந்த மகனை அச்சுறுத்தியது இந்த எண்ணிக்கைதான். உண்மையில் அவை மூன்று மருந்துகளே.

ஏன் இவ்வளவு? வறண்டு கிடக்கும் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் உழவரிடம் கேட்டால் இதற்கு விடை சொல்வார். முதலில் சிறிதளவே திறந்துவிட்டால், அத்தனையும் மண்ணே உறிஞ்சிக்கொள்ளும். கடைமடையில் உள்ள பயிருக்கு ஒரு துளியும் சேராது. மடையை நன்றாகத் திறந்து வாய்க்காலை ஒருமுறை நனைத்துவிட்டால், பிறகு சிறு நீரோட்டமே போதும். மருந்தும் அப்படியே. குளோபிடோக்ரெல் மருந்தை நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் என்று தொடங்கினால், அது முழுப் பயனைத் தருவதற்குச் சில நாள்கள் ஆகும். மாரடைப்பு அத்தனை நாள் காத்திருக்காது. எனவே முதலில் 300 மில்லிகிராம் கொடுத்துச் சில மணி நேரத்திலேயே பயனுள்ள நிலையை எட்டுகிறோம். இதுவே முதல் அளவு. அதன்பின் நாள்தோறும் கொடுக்கும் சிறிய அளவுக்குப் பராமரிப்பு அளவு என்று பெயர்.

இம்மூன்றின் வேலைகளும் வெவ்வேறு. இதயத்தின் இரத்தக் குழாயில் படிந்துள்ள கொழுப்புத் திட்டு வெடிக்கும்போது, இரத்தத் தட்டணுக்கள் அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி வழியை அடைக்கின்றன. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் அந்த ஒட்டுதலை இருவேறு வழிகளில் தடுக்கின்றன. ஆஸ்பிரின் ஒரு தட்டணுவை முடக்கினால், அத்தட்டணு தன் வாழ்நாளாகிய 7 முதல் 10 நாள்கள் வரை முடங்கியே இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன்பு 'ஆஸ்பிரின் எடுக்கிறீர்களா?' என்று மருத்துவர் பல நாள்களுக்கு முன்பே கேட்பதன் காரணம் இதுதான். அட்டார்வாஸ்டாட்டின் கொழுப்பைக் குறைப்பதோடு நில்லாமல், வெடித்த திட்டு மேலும் சிதையாமல் நிலைப்படுத்தவும் உதவுகிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. இந்த அளவுகளைப் படித்துவிட்டு வீட்டிலேயே யாரும் கொடுத்துவிடக் கூடாது. நெஞ்சுவலி எல்லாமே மாரடைப்பு அன்று. பெருந்தமனி கிழிதல் போன்ற சில நோய்களில் இம்மருந்துகள் தீங்கு செய்யும். 75 வயதைக் கடந்தவர்களுக்கும், வயிற்றுப் புண்ணால் இரத்தம் கசிந்தவர்களுக்கும் அளவும் முடிவும் மாறும். 108ஐ அழையுங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பயிற்சி பெற்றவர் முடிவு செய்யட்டும். அவர் கொடுத்த பின்னரோ, ஒன்றைக்கூடப் பையில் வைக்காதீர்கள்.

மருந்து செல்லும் வழி

ஒரே மருந்தை விழுங்கலாம், மெல்லலாம், நாக்கின் அடியில் வைக்கலாம், ஊசியாகச் செலுத்தலாம். வழி மாறினால் வேகமும் மாறும்.

விழுங்கிய மாத்திரை இரைப்பையில் கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்த பிறகுதான் பொது இரத்த ஓட்டத்தில் கலக்கிறது. நம் பகுதியிலிருந்து கோவைக்குச் செல்வோர் கணியூர் சுங்கச்சாவடியைக் கடப்பதுபோல, குடலிலிருந்து வரும் மருந்து கல்லீரலைக் கடந்தாக வேண்டும். கல்லீரல் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தையே விடும். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாத்திரையை விழுங்கினால், பெரும்பகுதி இவ்வாறு கல்லீரலிலேயே செயலிழந்துவிடும். நாக்கின் அடியில் வைத்தால் அங்குள்ள மெல்லிய இரத்த நாளங்கள் வழியே, சாவடியைச் சுற்றிச் செல்லும் ஊர்ச் சாலைபோல, சில நிமிடங்களில் இரத்தத்தை அடையும். ஆகவே அதை விழுங்கவும் கூடாது, தண்ணீர் குடித்து உள்ளே தள்ளவும் கூடாது.

இம்மாத்திரை இரத்தக் குழாய்களை விரிக்கும். இரத்த அழுத்தம் குறையும். உட்கார்ந்த நிலையில்தான் இதை வைத்துக்கொள்ள வேண்டும். நின்றபடி வைத்தால் மயங்கி விழ நேரிடலாம். ஆண்மைக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற மருந்துகளை அண்மையில் எடுத்தவருக்கு இதைக் கொடுத்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். இதனால்தான் நாங்கள் சில வேளைகளில் உறவினரை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியிடம் தனியே கேட்கிறோம். அக்கேள்விக்கு உண்மையான விடை உயிரைக் காக்கும். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

மாரடைப்பில் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வதும் வேகத்துக்காகவே. மென்ற மாத்திரை விரைந்து கரைந்து, விரைந்து உறிஞ்சப்படும்.

ஒரு சொல், வேறு பொருள்

சில சொற்கள் ஊர்ப் பேச்சில் ஒரு பொருளிலும் மருத்துவத்தில் வேறு பொருளிலும் வழங்குகின்றன. 108 எண்ணில் பேசும்போது இக்குழப்பம் காலத்தை விழுங்கும்.

மாரடைப்பும் இதயத் துடிப்பு நிற்றலும் ஒன்றல்ல. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் அடைப்பு. நோயாளி பெரும்பாலும் நினைவுடன், பேசக்கூடியவராக இருப்பார். துடிப்பு நிற்றல், அதாவது கார்டியாக் அரெஸ்ட், என்பது இதயம் இரத்தத்தை வெளித்தள்ளுவதையே நிறுத்திவிடுவது; நோயாளி நினைவிழந்து, இயல்பாக மூச்சுவிடாமல் கிடப்பார். தறியில் ஒரு பகுதியில் பாவு நூல் அறுந்துபோவதற்கும், மின்சாரம் நின்று தறியே ஓய்ந்துபோவதற்கும் உள்ள வேறுபாடு இது. முதலாவது இரண்டாவதாக மாறக்கூடும். அப்படி மாறினால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வலுவாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதுவே சி.பி.ஆர்.

'மைல்டு அட்டாக்' என்னும் தொடர் எங்கும் வழங்குகிறது. 'போன வருசம் மைல்டு அட்டாக் வந்துச்சுங்க, தானாச் சரியாப்போச்சு' என்று சொல்வோர் பலர். மாரடைப்பு தானாகச் சரியாகிவிடும் சிறு நோய் அன்று. வலி குறைவாக இருந்தது என்பதால் தசைக்கு நேர்ந்த சேதமும் குறைவு என்று கொள்ள முடியாது. நீரிழிவு நோயாளிகளுக்குப் பெரிய மாரடைப்பும் வலியின்றி, வெறும் மூச்சுத்திணறலாகவோ வியர்வையாகவோ வரலாம்.

ஸ்ட்ரோக் என்பது பக்கவாதம். அது மூளையின் நோய். முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். நம் பகுதியில் மாரடைப்பையும் ஸ்ட்ரோக் என்றே சொல்லிவிடுகிறார்கள். இந்தக் குழப்பம் ஆபத்தானது. மாரடைப்பில் உயிர்காக்கும் அதே ஆஸ்பிரின், மூளையில் இரத்தக் கசிவால் வந்த பக்கவாதத்தில் கசிவைக் கூட்டிவிடலாம். எது அடைப்பு, எது கசிவு என்பது சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகே தெரியும். ஆகவே பக்கவாத அடையாளம் தோன்றியவருக்கு வீட்டில் எந்த மாத்திரையும் கொடுக்க வேண்டாம். விழுங்கும் திறன் பாதித்திருக்கக்கூடும் என்பதால் தண்ணீர்கூட வேண்டாம்.

ஷாக் என்றால் மின்சாரம் தாக்குவதையோ துயரச் செய்தியால் நேரும் அதிர்ச்சியையோ நினைக்கிறோம். 'நோயாளி ஷாக்கில் இருக்கிறார்' என்று மருத்துவர் சொன்னால், உடலுறுப்புகளுக்குப் போதிய இரத்த ஓட்டம் இல்லை என்பது பொருள். அது மிகத் தீவிரமான நிலை.

ட்ரையாஜ் என்பது வந்த வரிசைப்படி அல்லாமல், நோயின் தீவிரத்தின்படி வரிசைப்படுத்துவது. சிவப்பு என்றால் உடனடியாக, மஞ்சள் என்றால் விரைவாக, பச்சை என்றால் சற்றுக் காத்திருக்கலாம். உங்களுக்குப் பின்னால் வந்தவரை முதலில் உள்ளே அழைத்தால், உங்கள் நோயாளியைப் புறக்கணித்ததாக எண்ண வேண்டாம். அந்த நிமிடத்தில் அவரை விட உங்கள் நோயாளி பாதுகாப்பாக உள்ளார் என்பதே அதன் பொருள்.

கடிகாரமும் ஒரு மருந்துதான்

இதயக் குழாய் முழுவதும் அடைபட்டால், அரை மணி நேரத்துக்குள்ளாகவே தசை மடியத் தொடங்குகிறது. அடுத்த சில மணி நேரத்தில் சேதம் பரவுகிறது. எனவேதான் நெஞ்சுவலியுடன் வந்தவருக்கு 10 நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது விதி. அதில் பெரிய மாரடைப்பு உறுதியானால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உடனே ஆஞ்சியோபிளாஸ்டி செய்து அடைப்பை நீக்குவது. ஆஞ்சியோகிராம் என்பது குழாயைப் படம்பிடித்துப் பார்ப்பது. ஆஞ்சியோபிளாஸ்டி என்பது பலூனும் ஸ்டென்டும் கொண்டு அதைத் திறப்பது. இரண்டும் ஒன்றல்ல. மற்றொரு வழி, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து. ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டெப்ளேஸ் ஆகியவை அவ்வகையின. வலி தொடங்கிய முதல் 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் இவற்றின் பயன் மிகுதி. 12 மணி நேரம் கடந்தால் பொதுவாகக் கொடுப்பதில்லை.

நம்மைப்போன்ற ஊர்களில் எல்லா மருத்துவமனையிலும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதி இராது. இந்தச் சிக்கலுக்கு வழிகண்ட முயற்சிகளுள் ஒன்று தமிழ்நாட்டிலேயே, அதுவும் கோவையையும் ஒரு மையமாகக் கொண்டு நடைபெற்றது. கோவை மெடிக்கல் சென்டர் மருத்துவமனையின் இதயநோய் வல்லுநர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று நடத்திய ஆய்வு அது. சக்கரத்தின் குடமும் ஆரங்களும்போல, வசதியுள்ள பெரிய மருத்துவமனையை நடுவில் வைத்து, சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளை ஆம்புலன்ஸ் சேவையுடன் இணைத்தார்கள். சிறிய மருத்துவமனையில் கட்டியைக் கரைக்கும் ஊசி, பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றி 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் என்பது முறை. 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளிடம் நடந்த இந்த ஆய்வின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. இம்முறைக்கு முன்பு, மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 விழுக்காடு, பின்பு 14.2 விழுக்காடு. நூறு குடும்பங்களை எண்ணிப் பார்த்தால், ஏறத்தாழ மூன்று குடும்பங்களுக்குத் தலைவரோ தலைவியோ மீண்டும் கிடைத்தார்கள் என்பதே இதன் பொருள்.

ஆகவே சிறிய மருத்துவமனையில் ஊசி போடும்போது, 'இங்கே ஏன் காலம் கடத்துகிறார்கள், நேரே கோவைக்குப் போயிருக்கலாமே' என்று எண்ண வேண்டாம். அந்த ஊசிதான் பயணத்தின் முதல் பகுதி. அதைப் போடும் முன்பு உங்களிடம் சில கேள்விகள் கேட்போம்: மூளையில் எப்போதாவது இரத்தக் கசிவு ஏற்பட்டதா? அண்மையில் பக்கவாதமோ, தலைக்காயமோ, பெரிய அறுவை சிகிச்சையோ நேர்ந்ததா? எங்கேனும் இரத்தம் கசிகிறதா? முன்பு ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டதுண்டா? கட்டியைக் கரைக்கும் மருந்து நல்லது தீயது பார்க்காது. தேவையான இடத்தில் உள்ள கட்டியையும் கரைத்துவிடும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒருமுறை போட்டவரின் உடலில் அதற்கு எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கும் என்பதால் மீண்டும் அதையே போடுவதில்லை. ஒரு மருந்தைக் கொடுக்கவே கூடாத இத்தகைய சூழ்நிலையை முரண்நிலை என்கிறோம்.

மருந்தின் அரை ஆயுள்

இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைவதற்கு ஆகும் காலமே அதன் அரை ஆயுட்காலம். பாரசிட்டமாலுக்கு இது ஏறத்தாழ 2 முதல் 3 மணி நேரம். எனவே ஒரு நாளில் பல வேளை கொடுக்கிறோம். தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினுக்கு ஏறத்தாழ 7 நாள்கள். எனவே நாளுக்கு ஒருமுறை போதும். வேலை செய்யவில்லையே என்று ஒரு மருந்தை உரிய நேரத்துக்கு முன்பே மறுபடி விழுங்கினால், முந்தைய அளவின் மிச்சத்தோடு புதியதும் சேர்ந்து நஞ்சாகலாம்.

இந்தக் கருத்து எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்வு. நீரிழிவு உள்ள மூதாட்டி ஒருவர், காய்ச்சலால் உணவைத் தவிர்த்துவிட்டு, கிளிமெபிரைடு மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். நினைவிழந்த நிலையில் வந்தார். இரத்தச் சர்க்கரை 38. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண்விழித்து, பேரனைப் பெயர்சொல்லி அழைத்தார். 'அதான் முழிச்சுட்டாங்களே, கூட்டிட்டுப் போறமுங்க' என்றார்கள் வீட்டார். நான் விடவில்லை. குளுக்கோசு சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும்; மாத்திரையோ உடலில் நெடுநேரம் தங்கி, சர்க்கரையை மீண்டும் மீண்டும் கீழே இழுக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் இன்னும் நீண்ட நேரம் தங்கும். அன்றிரவு இரண்டு முறை அவருக்குச் சர்க்கரை தாழ்ந்தது. வீட்டில் உறங்கியிருந்தால் யாரும் அறிந்திருக்கமாட்டார்கள்.

நினைவில் கொள்க: சர்க்கரை 70க்குக் கீழே சென்றால் அது தாழ்நிலை. நினைவுடன் இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழாய்க்குள் செல்லும்.

பக்கவிளைவும் ஒவ்வாமையும்

மருந்து தன் வேலையோடு செய்யும் வேண்டாத வேலை பக்கவிளைவு. மெட்ஃபார்மினால் வரும் வயிற்றுப்போக்கு அவ்வகை. ஒவ்வாமை என்பது உடலின் எதிர்ப்பாற்றல் அந்த மருந்தைப் பகையாகக் கருதித் தாக்குவது. 'அந்த ஊசி எனக்கு ஆகாது' என்று சொன்னால், ஆகாது என்பது வயிற்றெரிச்சலா, உடல் முழுதும் தடிப்பா, மூச்சுத்திணறலா என்பதையும் சொல்லுங்கள். முன்னதென்றால் மருந்தைக் கவனத்துடன் தொடரலாம். பின்னதென்றால் வாழ்நாள் முழுதும் தவிர்க்க வேண்டியிருக்கும்.

மருந்தோ உணவோ குளவிக் கொட்டோ காரணமாக, சில நிமிடங்களில் தடிப்பும், உதடு வீக்கமும், மூச்சுத்திணறலும், மயக்கமும் சேர்ந்து வந்தால் அது அனஃபிலாக்சிஸ் எனும் கொடிய ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்புக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருப்பது தவறு.

சீட்டில் உள்ள குறிகள்

மருத்துவர் எழுதும் ஓ.டி. என்றால் நாளுக்கு ஒருமுறை; பி.டி. என்றால் இருமுறை, டி.டி.எஸ். என்றால் மும்முறை, எச்.எஸ். என்றால் உறங்கும் முன், எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஸ்டாட் என்றால் இந்த நிமிடமே. 1-0-1 என்பது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று.

இன்சுலின் பயன்படுத்துவோர் ஒன்றை மறவாதீர்கள். குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். 100 யூனிட் குப்பிகளும் உண்டு. குப்பியில் 40 என்றிருந்தால் சிரிஞ்சிலும் 40 என்றிருக்க வேண்டும். 100 என்றால் 100. மாறினால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும்.

அடுத்து, மருந்தின் வணிகப் பெயரும் உட்பொருளும் வேறு. மருந்துக்கடையில் நிறுவனம் மாறினால் அட்டையின் நிறமும் பெயரும் மாறும். பழைய அட்டையும் புதிய அட்டையும் வெவ்வேறு மருந்து என்று எண்ணி இரண்டையும் விழுங்கி, இரத்த அழுத்தம் சரிந்து வருவோரைப் பார்க்கிறோம். அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள உட்பொருளின் பெயரை ஒப்பிடுங்கள், ஐயமிருந்தால் கேளுங்கள்.

நீங்கள் எங்களுக்குச் சொல்ல வேண்டியவை

இதுவரை எங்கள் சொற்களை உங்களுக்கு விளக்கினேன். அவசர நேரத்தில் உங்கள் சொற்களுக்காக நாங்கள் காத்திருக்கிறோம் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி, ஆதார் அட்டையோடும் காப்பீட்டு அட்டையோடும் சேர்த்து வையுங்கள். ஒரு படம் எடுத்துக் கைப்பேசியிலும் வைத்திருங்கள்.

1. தற்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயர், அளவு, நேரம். நாட்டு மருந்தும் வலிநிவாரணியும் இதில் அடங்கும்.

2. ஒவ்வாத மருந்து, அதனால் நேர்ந்தது என்ன.

3. உள்ள நோய்கள், நடந்த அறுவை சிகிச்சைகள், ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் விவரம்.

4. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்தால், அதைத் தனியே பெரிய எழுத்தில்.

5. அவசரத்தின்போது சேர்க்க வேண்டியவை: தொல்லை தொடங்கிய சரியான நேரம், பக்கவாதம் என்றால் நோயாளி கடைசியாக நலமாக இருந்ததைக் கண்ட நேரம், கடைசியாக எடுத்த மாத்திரை எது, எப்போது.

பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். 'தூங்கி எழுந்தபோது இப்படி இருந்தார்' என்றால், இரவில் எப்போது நலமாகப் பார்த்தீர்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

தோட்டத்தில் மருந்தடிக்கும்போது மயங்கி விழுந்தவரை அழைத்து வந்தால், அந்தப் பூச்சிமருந்தின் புட்டியையோ அதன் படத்தையோ கட்டாயம் கொண்டு வாருங்கள். நஞ்சின் வகையறிந்தே முறிமருந்து தர முடியும். ஆர்கனோபாஸ்பரஸ் வகை என்றால் அட்ரோபின் உதவும். எல்லா நஞ்சுக்கும் அது உதவாது. உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். நனைந்த உடையைக் கழற்றி, உடலைச் சோப்புத் தண்ணீரால் கழுவி அழைத்து வாருங்கள். கழுவுபவர் கையுறை அணிந்துகொள்ளட்டும்.

நிறைவாக

பதினான்கு மாத்திரைகளுடன் வந்த அந்தத் தொழிலாளருக்கு விடுபட்ட அளவை அங்கேயே கொடுத்தோம்; கட்டியைக் கரைக்கும் ஊசியும் போட்டுக் கோவைக்கு அனுப்பினோம். மறுநாள் ஆஞ்சியோகிராம் செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது அவர் மாதந்தோறும் மகனுடன் வருகிறார். இதயத்தின் ஆற்றல் முன்பிருந்த அளவுக்கு இல்லை. இரவுப் பணியை விட்டுவிட்டார். ஆனால் வாழ்கிறார். மகனின் சட்டைப் பையில் இப்போது மாத்திரைகள் இல்லை. நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது. அதில் தந்தையின் ஐந்து மருந்துகளின் பெயரும் அளவும் நேரமும் அவர் கையெழுத்திலேயே உள்ளன.

அந்த நாளுக்குப் பிறகு நானும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். மாத்திரையைக் கையில் கொடுத்த பின், 'இது எதற்கு என்று சொல்லுங்கள் பார்ப்போம்' என்று நோயாளியிடமோ உறவினரிடமோ கேட்கிறேன். அவர்களால் சொல்ல முடியாவிட்டால் தவறு என்னுடையது, மீண்டும் விளக்குகிறேன். நீங்களும் 'ஏனுங்க, இது எதுக்குங்க?' என்று எங்களைக் கேளுங்கள். அக்கேள்வி எங்களுக்குத் தொந்தரவு அன்று. சிகிச்சையின் ஒரு பகுதி. புரியாத மாத்திரை பையில் தங்கிவிடும். புரிந்த மாத்திரையே உடலுக்குள் சென்று வேலை செய்யும்.

இன்றிரவே அந்தத் தாளை எழுதத் தொடங்குங்கள். அனைவரும் நலமுடன் வாழ வாழ்த்துகிறேன்.